பழைய மோட்டார் யாட் வாங்கப் போகிறீர்களா? மழைத் தண்ணீர் போன வழியைப் பாருங்கள்

மலேசியாவின் லங்காவித் தீவில் நான் முதன்முதலாக விலைக்குப் பார்த்த படகு 42 அடி, 1979-இல் கட்டியது. விளம்பரப் படங்களில் கல்யாண மண்டபம் மாதிரி மின்னியது. எஞ்சின் இரண்டுக்கும் புது பெயிண்ட். புரோக்கர் வேறு டார்ச் அடித்து அடித்து எஞ்சினைக் காட்டிக்கொண்டே இருந்தார். எஞ்சினுக்கு அந்தப் பக்கம், படகின் ஓரச்சுவரை ஒட்டி டீசல் தொட்டி. அதன் மேல்பாகம் கண்ணுக்குத் தெரியாது, குப்புறப் படுத்துக் கையை நீட்டினால்தான் எட்டும். சட்டை அழுக்கானாலும் பரவாயில்லை என்று படுத்துக் கையை விட்டுத் தடவினேன். தட்டை முறுக்கு உடைகிற மாதிரி ஒரு சில்லு துரு கையோடு வந்தது, அடுத்து இன்னொன்று. வெளியே எடுத்துப் புரோக்கரிடம் காட்டினேன். "பழைய படகுன்னா அப்படித்தான் சார்" என்றார். அது உண்மைதான். ஆனால் அந்தத் தொட்டியை மாற்ற எஞ்சினைக் கழற்றி வெளியே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தொட்டியை உள்ளேயே துண்டு துண்டாக அறுத்தெடுத்து அந்த இடத்தில் சின்னச் சின்னத் தொட்டிகளாக வைக்க வேண்டும். விளம்பரத்தில் போட்டிருந்த விலையில் அந்தச் செலவு இல்லை.

அந்தத் துரு கடல் தண்ணீரால் வந்ததல்ல. மேலே டெக்கில், அதாவது மேல்தளத்தில், டீசல் ஊற்றும் மூடி இருக்கிறதே, அதைச் சுற்றி அடைத்திருந்த பசை எப்போதோ காய்ந்து வெடித்துவிட்டது. ஒவ்வொரு மழைக்கும் சொட்டுச் சொட்டாக இறங்கி, தொட்டியின் தலையில் தேங்கி, நாற்பது வருடமாக ஊறியிருக்கிறது. கீழே இருந்து வருகிற கடல் தண்ணீரைப் பார்த்து எல்லோருக்கும் பயம், அதற்குப் பம்பு உண்டு, அலாரம் உண்டு. மேலே இருந்து வருகிற மழைத் தண்ணீரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பழைய படகைத் தின்பது பெரும்பாலும் அதுதான். அதனால் நான் இப்போதெல்லாம் படகு பார்க்கிற வரிசையே அந்தத் தண்ணீர் இறங்குகிற வரிசைதான்: மேல்தளம், ஜன்னல், அலமாரி, தொட்டி, அடிவயிறு. எஞ்சின் அதற்கப்புறம்.

இங்கே எழுதுவது சர்வேயருக்கு, அதாவது படகைப் பரிசோதித்து அறிக்கை தருகிற நிபுணருக்கு, பதில் அல்ல. சர்வேயரைக் கூப்பிடத் தகுதியான படகுதானா என்று நீங்களே அரை நாளில் முடிவு செய்வதற்கு. சர்வே கட்டணமும் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கும் கூலியும் வாங்குபவர் தலையில்தான் விழும். மூன்று மோசமான படகுக்கு மூன்று தடவை அழுதுவிட்டு நான்காவதைப் பார்க்கும்போது கையில் காசு இருக்காது.

எந்த மாதிரிப் படகைச் சொல்கிறேன் என்றால், நம் மலேசியா, சிங்கப்பூர் பக்கத்தில் மரீனாவுக்கு (படகு நிறுத்தும் துறை) ஒன்றிரண்டாவது நிற்கிற டிராலர் வகை யாட், அதாவது மீன்பிடி டிராலர் மாதிரி கனமாக, மெதுவாகப் போகும் உல்லாசப் படகு. இதில் பெயர்போனது கிராண்ட் பேங்க்ஸ். ஹாங்காங்கில் ஆரம்பித்த அமெரிக்கன் மரீன் நிறுவனம் பிறகு சிங்கப்பூரில் பட்டறை போட்டுக் கட்டியது. 1973 வரை மரம், அதன்பின் ஃபைபர். நம் ஊரில் கட்டி அமெரிக்காவுக்குப் போனவை ஏராளம், அதில் சில சுற்றிச் சுற்றித் திரும்பவும் இந்தப் பக்கமே வந்து நிற்கின்றன. தைவானில் கட்டிய டிராலர்களும் கிட்டத்தட்ட இதே குணம்தான். எட்டு நாட் வேகம் (மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர்), உள்ளே முழுக்கத் தேக்கு, கீழே ஃபோர்டு லேமன் டீசல் எஞ்சின். மரப்படகு பார்க்கிறீர்கள் என்றால் அது தனிக் கதை, மரவேலை தெரிந்தவர் கூட இல்லாமல் கிட்டேயே போகாதீர்கள்.

முடிந்தால் மழை நாளில் போங்கள், குறைந்தபட்சம் மழை பெய்த மறுநாள் காலை. விற்பவர் "வெயில் வரட்டும், அப்ப வாங்க" என்றால் அன்றைக்கே கிளம்புங்கள். கையில் நல்ல டார்ச், பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவர், நீளக் காம்பு வைத்த சின்னக் கண்ணாடி, கொஞ்சம் வெள்ளை டிஷ்யூ இருந்தால் போதும். ஈரம் அளக்கும் மீட்டர் எல்லாம் சர்வேயர் கொண்டுவருவார்.

முதல் வேலை டெக்கைத் தட்டுவது. சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவோமே, அதே வித்தைதான். ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிப் பிடித்து, கைப்பிடியால் ஒரு சாண் இடைவெளியில் வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள். ஃபைபர் டெக் என்பது மேலே ஒரு ஃபைபர் தோல், கீழே ஒரு தோல், நடுவில் மரமோ நுரையோ வைத்த சாண்ட்விச். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கூர்மையாகக் கேட்கும். நடுவில் இருப்பது ஊறிப் பிரிந்துபோன இடத்தில் 'தொப்' என்று செத்த சத்தம். ஒரு படகில் நங்கூரம் இழுக்கும் மோட்டாரிலிருந்து ஆரம்பித்துப் பின்பக்கமாகத் தட்டிக்கொண்டே வந்தேன், சத்தம் மாறிய இடத்திலெல்லாம் டிஷ்யூ துண்டை நனைத்து ஒட்டி வைத்தேன். கடைசியில் எழுந்து நின்று பார்த்தால், மோட்டாரைச் சுற்றி ஒரு சாப்பாட்டு மேசை அகலத்துக்கு வெள்ளைப் புள்ளிகள். விற்பவருக்கு நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. காலடியில் டெக் மெல்லிசாக அமுங்குகிற மாதிரி இருந்தால் தட்டவே வேண்டாம், முடிவு தெரிந்துவிட்டது.

அதற்கு மேலே தேக்குப் பலகை ஒட்டியிருந்தால் இன்னும் நிதானமாகப் பாருங்கள். அந்தக் காலத்தில் தேக்கை ஒட்ட மட்டும் செய்யவில்லை, ஆயிரக்கணக்கான ஸ்க்ரூ போட்டு முடுக்கினார்கள். ஒவ்வொரு ஸ்க்ரூவும் மேல் தோலில் ஒரு ஓட்டை. ஸ்க்ரூவின் தலையை மறைக்கச் சின்ன மரத் தக்கை வைத்திருப்பார்கள். வருடா வருடம் பாலிஷ் பேப்பர் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பலகை மெலிந்ததும் தக்கை தானாகக் கழன்று வரும், ஸ்க்ரூ தலை வெளியே தெரியும். அங்கங்கே பித்தளை நிறத்தில் புள்ளி மின்னினால் அந்தத் தேக்கின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். பலகைகளுக்கு நடுவே ஓடும் கறுப்பு ரப்பர் ஒரு பக்கம் விட்டிருந்தால் அந்த இடுக்கில்தான் தண்ணீர் இறங்குகிறது. தேக்கை முழுக்க எடுத்துவிட்டு டெக்கைச் சரிசெய்வது பல பத்தாயிரம் டாலர் வேலை. "ஒரு தடவை தேச்சு எண்ணெய் போட்டா புதுசு மாதிரி ஆயிடும்" என்பார்கள். புதுசு மாதிரிதான் ஆகும். மிச்சமிருக்கிற கனமும் போய்விடும்.

டெக்கில் எதெல்லாம் துளைபோட்டு மாட்டியிருக்கிறதோ அதெல்லாம் சந்தேகக் கேஸ்: கைப்பிடிக் கம்பிகளின் கால், கயிறு கட்டும் கட்டை, ஆன்டெனா, டீசல் மூடி, தண்ணீர் மூடி. கம்பியைப் பிடித்து ஆட்டுங்கள். கால் ஆடினால் கீழே போய் அதற்கு நேர் அடியில் இருக்கிற கூரையைத் தொட்டுப் பாருங்கள்.

ஜன்னல்கள் இந்தப் படகுகளின் பலவீனம். தேக்குச் சட்டம், நழுவிப் போகும் கண்ணாடி, சட்டத்தின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சின்னப் பள்ளம். அந்தப் பள்ளத்தின் ஓட்டை அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே வழியும். ஜன்னலின் கீழ் மூலையில் கறுப்பாகக் கறை, பலகையின் மேல் தோல் உரிந்து சுருண்டிருப்பது, விரலால் அழுத்தினால் பிஸ்கட் மாதிரி நொறுங்குவது, இதெல்லாம் வருடக்கணக்கில் ஒழுகியதற்கான சாட்சி. எல்லா ஜன்னலுக்கும் அடியில் பழைய வார்னிஷ், ஒன்றுக்கு மட்டும் புது வார்னிஷ் என்றால் அந்த ஒன்றின் முன்னால் உட்கார்ந்து கொள்ளுங்கள். உள்ளே அலமாரிகளையெல்லாம் திறந்து, சாமான்களை எடுத்து வைத்துவிட்டு அடிப்பலகையைத் தடவுங்கள். மூக்கையும் நம்பலாம். ஏர்கான் ஓடிக்கொண்டிருந்தால் அணைக்கச் சொல்லி, கதவையெல்லாம் சாத்தி, அரை மணி நேரம் கழித்து உள்ளே போங்கள். ஊறிய மரத்தின் வாடையை வாசனை ஸ்பிரே ரொம்ப நேரம் மறைக்க முடியாது.

தொட்டியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். இன்னும் ஒன்று மட்டும். மேல்பக்கம் சரியாக இருந்தாலும் தொட்டியின் கீழ் விளிம்பையும் அது உட்கார்ந்திருக்கும் கட்டையையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள், டிஷ்யூவால் துடைத்து முகர்ந்தும் பாருங்கள். தொட்டியில் கால்வாசி டீசல்தான் வைத்திருக்கிறார் என்றால் ஏன் என்று கேளுங்கள். காரணம் காசு மிச்சமாகவும் இருக்கலாம், கால்வாசிக்கு மேல் ஊற்றினால் கசிகிறது என்பதாகவும் இருக்கலாம்.

படகின் அடிவயிறு, அதாவது பில்ஜ், காய்ந்து சுத்தமாக இருந்தால் நல்லது, தண்ணீர் நின்றால் விரலில் தொட்டு நாக்கில் வையுங்கள் (எண்ணெய் மிதக்காத இடத்தில்தான்). உப்புக் கரித்தால் கீழிருந்து, கரிக்காவிட்டால் மேலிருந்து. பம்பின் மிதவையைக் கையால் தூக்கினால் உடனே ஓட வேண்டும். எஞ்சினைத் தாங்கும் நெடுக்குச் சட்டங்களில் விரிசல் இருக்கிறதா, தட்டினால் செத்த சத்தம் வருகிறதா என்றும் பார்த்துவிட்டு நகருங்கள்.

சரி, இப்போது எஞ்சின். ஃபோர்டு லேமன் 120 என்பது ஆறு சிலிண்டர், சுமார் 6.2 லிட்டர், டர்போ கிடையாது. மாட்டு வண்டி மாதிரி, ஒழுங்காகத் தீனி போட்டால் போய்க்கொண்டே இருக்கும். மணிக்கணக்கைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நாற்பது வருடத்தில் 1,500 மணி நேரம்தான் ஓடியது என்று பெருமையாகச் சொன்னால்தான் எனக்குப் பயம், ஏனென்றால் சும்மா கிடக்கும் டீசல் எஞ்சின் உள்ளுக்குள் துருப்பிடிக்கும். ஓட்டுகிறவர் கையில் 6,000 மணி நேரம் ஓடியது அதைவிட நம்பகமானது. உரிமையாளர் உண்மையிலேயே பார்த்துக்கொண்டாரா என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "இன்ஜெக்‌ஷன் பம்புக்கு எண்ணெய் எப்போது மாற்றினீர்கள்?" இந்த 120-இல், எஞ்சினுக்குள் டீசலைச் செலுத்தும் அந்தப் பம்புக்குத் தனியாக எண்ணெய் உண்டு, 50 மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். "அதுக்குத் தனியா எண்ணெயா?" என்று திருப்பிக் கேட்டால் மற்ற பராமரிப்பும் அந்த லட்சணம்தான்.

எஞ்சினிலும் தண்ணீரைத்தான் தேடுகிறோம். கடல் தண்ணீர் உள்ளே வந்து எஞ்சினின் நன்னீரையும், எஞ்சின் எண்ணெயையும், கியர் எண்ணெயையும் தனித்தனிக் குளிர்விப்பான்கள் வழியாகக் குளிரவைத்துவிட்டுப் புகைக்குழாய் வழியாக வெளியே போகிறது. இந்தக் குளிர்விப்பான்கள் உள்ளே அரித்து ஓட்டையானால் உப்புத் தண்ணீர் எண்ணெயில் கலக்கும், அல்லது எண்ணெய் கடலுக்குப் போகும். எஞ்சின் எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பாருங்கள், கறுப்பாக இருந்தால் பரவாயில்லை, தே தாரிக் (நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர்) நிறத்தில் நுரையாக இருந்தால் போய்விட்டது. கியர்பாக்ஸ் எண்ணெய் சிவப்பாக இருக்க வேண்டும், பாண்டுங் (ரோஜா சர்பத் கலந்த பால்) நிறத்துக்கு வந்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு கலந்திருப்பதைக் கண்டுபிடிக்க எண்ணெய் மாதிரியை லேபுக்கு அனுப்பலாம். சோடியம் அதிகமாக வந்தால் கடல் தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டும், இரும்பும் குரோமியமும் அதிகமாக வந்தால் தேய்மானம். ஆனால் போன வாரம்தான் எண்ணெய் மாற்றினேன் என்றால் அந்த ரிப்போர்ட்டால் பிரயோஜனம் இல்லை. விற்கும் முன்பு எண்ணெய் மாற்றுவதில் தப்பில்லை, பழைய எண்ணெயின் மாதிரி எடுத்து வைத்தாரா என்று கேட்பதிலும் தப்பில்லை.

வயரிங்கில் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை, பேனலைத் திறந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு, வீட்டுக்குப் போடும் வயர், எங்கே போகிறதென்றே தெரியாத கம்பிகள் இருந்தால் தீ விபத்துக்கு வரிசையில் நிற்கிற படகு அது. கரை மின்சாரம் செருகும் இடத்தில் கருகிய அடையாளம் இருக்கிறதா பாருங்கள். இந்தப் பக்கத்தில் முக்கியமான விஷயம்: அமெரிக்காவுக்காகக் கட்டிய படகு என்றால் உள்ளே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் மரீனாவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது, அதனால் ஏர்கான் மோட்டார் மெதுவாக ஓடிச் சூடாகும். சமையலுக்கு எரிவாயு இருந்தால் சிலிண்டர் வைக்கும் பெட்டி வெளியே, கீழே வடிகால் துளையோடு இருக்க வேண்டும். எரிவாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் நேராகப் பில்ஜுக்குத்தான் போகும்.

இதுவரை பார்த்ததில் மனசு ஒப்புகிறது என்றால் விலை பேசலாம். ஆனால் எழுத்தில், "சர்வேயும் கடலில் ஓட்டிப் பார்ப்பதும் திருப்தியாக இருந்தால் மட்டும், இல்லாவிட்டால் முன்பணம் முழுசாகத் திரும்ப வரும்" என்ற வரியோடு. முன்பணம் வழக்கமாகப் பத்து சதவீதம். சர்வேயரை நீங்கள் தேடுங்கள். புரோக்கர் தருகிற மூன்று பெயர்கள் கொண்ட பட்டியலை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மரீனாவில் படகு வைத்திருப்பவர்களிடம் போய் "எந்த சர்வேயரைக் கண்டால் புரோக்கர்களுக்குப் பிடிக்காது?" என்று கேட்பது நல்ல வழி.

ஓட்டிப் பார்க்கிற அன்று சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே போய், முதல் வேலையாக எஞ்சின் மேல் கை வையுங்கள். ஜில்லென்று இருக்க வேண்டும். ஒரு தடவை எனக்கு எஞ்சின் இட்லிப் பானை மாதிரி சூடாக இருந்தது, "உங்களுக்காகச் சூடு பண்ணி வச்சேன்" என்றார்கள், நன்றி சொல்லிவிட்டு மறுநாள் காலை வருகிறேன் என்று திரும்பிவிட்டேன். குளிர்ந்த எஞ்சின் எவ்வளவு நேரம் சுற்றிப் பற்றுகிறது, என்ன புகை விடுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கறுப்புப் புகை என்றால் சுமை அதிகம் அல்லது காற்றுப் போதவில்லை, நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது, வெள்ளை என்றால் எரியாத டீசல் அல்லது நீராவி. குளிர் நாடுகளில் வெள்ளையாக வந்தால் குளிருக்கு நீராவி தெரிகிறது என்று விட்டுவிடலாம், நம் வெயிலில் எஞ்சின் சூடான பிறகும் வெள்ளையாக வந்துகொண்டே இருந்தால் விடக்கூடாது. ஒரு மணி நேரமாவது ஓடுங்கள், அதில் சில நிமிடம் முழு வேகத்தில். லேமன் 120 சுமையோடு நிமிடத்துக்கு 2,500 சுற்றைத் தொட வேண்டும், தொடாவிட்டால் அடியில் சிப்பி ஒட்டியிருக்கலாம், புரொப்பல்லர் அளவு தப்பாக இருக்கலாம், எஞ்சினே களைத்திருக்கலாம். வெப்பமானி முள் ஏறிக்கொண்டே போகிறதா, ஓரிடத்தில் நிற்கிறதா என்று ஒருவர் அதை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். ஏறிக்கொண்டே போனால் உடனே வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் படகைத் தூக்க வேண்டும். லங்காவியில் ரெபாக் மரீனா போன்ற இடங்களில் டிராவல் லிஃப்ட், அதாவது படகைப் பட்டையில் தூக்கும் கிரேன், இருக்கிறது. பட்டையில் தொங்கிக்கொண்டு தண்ணீர் சொட்டச் சொட்ட இருக்கும்போதே அடிப்பாகத்தைப் பாருங்கள். ஃபைபருக்குள் தண்ணீர் புகுந்து உண்டாகும் கொப்புளங்கள் அப்போது நன்றாகத் தெரியும், மாதக்கணக்கில் கரையில் காய்ந்தால் சில அமுங்கிவிடும். எங்கள் வெதுவெதுப்பான கடலில் கொப்புளம் சீக்கிரமே வரும். சர்வேயர் ஒன்றைக் குத்தினால் புளித்த காடி வாடையோடு திரவம் வரும், பார்க்க அருவருப்பாக இருக்கும், ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் அதற்காக நல்ல படகை விட வேண்டாம், விலையைக் குறையுங்கள். நூற்றுக்கணக்கில் இருந்தால் யோசியுங்கள். தண்ணீருக்கு அடியில் இருக்கும் வால்வுகளை ஒவ்வொன்றாகக் கையால் திறந்து மூடச் சொல்லுங்கள், இறுகிப்போன வால்வு இருந்தும் இல்லாத மாதிரிதான். வால்வின் உலோகத்தைச் சுரண்டினால் பொன்னிறமாக மின்ன வேண்டும், இளஞ்சிவப்பாக இருந்தால் உள்ளிருக்கும் துத்தநாகம் கரைந்து வெறும் சல்லடையாகியிருக்கிறது. புரொப்பல்லரைத் தட்டினால் கோயில் மணி மாதிரி இழுத்து ஒலிக்க வேண்டும். புரொப்பல்லரைத் தாங்கும் தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், சுக்கானையும் ஆட்டுங்கள். சுக்கானின் அடியிலிருந்து பழுப்புத் தண்ணீர் வடிந்தால் உள்ளே இருக்கும் சட்டம் துருப்பிடிக்கிறது.

சர்வே அறிக்கை நாற்பது பக்கம் வரும், எல்லாவற்றையும் வைத்துப் பேரம் பேசாதீர்கள். தேய்ந்த மெத்தையையும் எரியாத பல்பையும் எடுத்துப் பேசினால் விற்பவர் எரிச்சலாகிப் பெரிய விஷயத்திலும் பிடிவாதம் பிடிப்பார். தொட்டி, டெக், எஞ்சின், வயரிங் என்று பெரிதாக நாலு இருந்தால் பட்டறையில் எழுத்தில் மதிப்பீடு வாங்கி அதை மேசையில் வையுங்கள்.

காகிதங்களைக் கடைசியில் சொல்கிறேன் என்பதால் கடைசியில் பார்க்க வேண்டாம். அமெரிக்கச் சந்தைக்காக 1972 நவம்பருக்குப் பிறகு கட்டிய படகுகளுக்குப் பின்பக்கம் வலது மேல் மூலையில் 12 எழுத்தில் ஓர் அடையாள எண் பதித்திருக்கும், பதிவுச் சான்றிதழில் இருப்பது அதேதானா என்று ஒப்பிடுங்கள். யாரிடமிருந்து யாருக்கு விற்றது என்ற ரசீதுச் சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும், படகின் மேல் கடன் இருக்கிறதா என்று பதிவு செய்த நாட்டிலேயே விசாரியுங்கள். லங்காவி வரியில்லாத் தீவு. அங்கே வாங்குகிற விலையில் மலேசியப் பெருநிலத்துக்கோ சிங்கப்பூருக்கோ கொண்டுவந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். சிங்கப்பூரில் இறக்குமதிக்கு இப்போது ஜிஎஸ்டி 9 சதவீதம், அதன்பின் கடல்துறை ஆணையத்தின் உல்லாசப் படகு உரிமமும் வேண்டும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு ஃபோன் போடுங்கள். ஒன்று காப்பீட்டுக்காரருக்கு: "1979 படகு, எத்தனை மாதத்துக்குள் எடுத்த சர்வே கேட்பீர்கள், தொட்டி எஃகு என்றால் ஒத்துக்கொள்வீர்களா?" இன்னொன்று மரீனாவுக்கு: 42 அடிக்கு இடம் இருக்கிறதா, காப்பீடு இல்லாத படகை உள்ளே விடுவார்களா என்று.